வாலில் விழுந்த அடி

"ஆணா, பொண்ணா? அத மட்டும் சொல்லிடுங்க டாக்டரே!"

கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள் சிவந்திருந்தன. பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்பவன்கூட இத்தனை வியர்த்திருக்க மாட்டான்.

"இருங்க. வாலைச் சட்னி ஆக்கிட்டீங்க. வயித்தைத் திறந்து பாத்துதான் சொல்லணும்" என்றார் டாக்டர் பஞ்சாட்சரம்.

உத்திரமேரூர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் கோமாரி ஊசி முகாம். மெட்ராஸிலிருந்து வந்த பெல்பாட்டம் பிள்ளைகள், மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவர்கள், குனிந்து நின்றார்கள். நடுவே சாக்கின்மேல் நல்ல பாம்பு நீட்டிக் கிடந்தது. கன்னியப்பன் அடித்தது.

நேற்று விளக்கு வைக்கிற நேரம். வைக்கோல் போர் ஓரம் அதைப் பார்த்ததும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழியால் வெளுத்தான். கண்ணைத் திறந்தபோது ஊர் கூடி நின்று அவனை வீரன் என்றது. காலமெல்லாம் மண் சுமந்த தலைக்கு அந்தப் பட்டம் கனக்கவில்லை. கழியில் பாம்பைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகக் காட்டிவிட்டு வந்தான்.

பக்கத்து வீட்டுச் செங்கேணிதான் கெடுத்தான். "நல்ல பாம்ப அடிச்சா ஜோடி தேடிக்கினு வரும்பா. பாலு ஊத்திப் பொதைச்சி மன்னிப்பு கேட்டுக்கோ."

பாலுக்கு எங்கே போவது? நேற்றுக் காலையே டீத்தண்ணி கறுப்பாகத்தான் வந்தது. "பாலு எங்கடி?" என்று கேட்டதற்குப் பெண்டாட்டி பவளம், "கொட்டிப்போச்சி" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். சாயங்காலப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றியாகிவிட்டது.

ஆகவே வீரன் ராத்திரி பரண்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். விடிந்தும் வேலைக்குப் போகவில்லை. ஆண் செத்தால் பெண் வரும், பெண் செத்தால் ஆண் வரும். வரப்போவது யார் என்றே தெரியாமல் பயப்படுவது பெரிய பேஜாராக இருந்தது. அதனால்தான் பிள்ளைகள் படிப்புக்குப் பாம்பைக் கேட்டபோது, ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்தான்.

"பாம்புக்கு மூளை இத்தனூண்டு. அதுல பழி வாங்கற ஞாபகமெல்லாம் எங்கே நிக்கும்?" என்று டாக்டர் சிரித்தார்.

"சின்ன மூளக்காரனுங்கதான் டாக்டரே, மறக்காம பழி வாங்குவானுங்க" என்றான் கன்னியப்பன்.

கத்தி அடிவயிற்றில் இறங்கியது. டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இது இதயம். இந்த நீளப் பைதான் நுரையீரல். வேலை செய்யறது இந்த ஒண்ணுதான், இன்னொண்ணு பேருக்கு."

"ஒத்த நுரையீரல வெச்சிக்கினு அந்தச் சீறு சீறுது. உனுக்கு ரெண்டு கீது, இன்னாத்துக்கு ஆவுது?" என்று பக்கத்தில் நின்ற செங்கேணி கன்னியப்பன் விலாவில் இடித்தான்.

"இதோ, முதுகோரமா வெள்ளையா ரெண்டு விதை. ஆண்தான்."

அப்படியானால் வரப்போவது பெண். கன்னியப்பன் காலடியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பொம்பளைக் கோபம் எப்படிப்பட்டது என்பது வீட்டிலேயே பார்த்துப் பழகியதுதான்.

டாக்டர் விடவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "எலும்பு இங்கே முறிஞ்சிருக்கு, ரத்தமும் கட்டியிருக்கு. வால்ல இத்தனை அடி விழுந்தும் ரத்தம் கட்டவே இல்லையே. செத்த உடம்புலதான் ரத்தம் கட்டாது. ஏம்ப்பா, நீங்க அடிக்கறதுக்கு முன்னாடியே இது செத்துப்போச்சு."

புளியமரமே குலுங்கியது போலச் சிரிப்பு. "செத்த பாம்ப அடிச்ச சூரன்டா!" என்று செங்கேணி கத்தினான்.

கன்னியப்பனுக்கு மானம் போன பக்கம் காந்தியது, உயிர் மிஞ்சிய பக்கம் குளிர்ந்தது. கொன்றது அவன் இல்லை. இன்று தரையிலேயே படுக்கலாம்.

"அப்ப யாருதான் அடிச்சது?"

"நான்தான்" என்றாள் பவளம். ஊசி போட்ட மாட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். "நேத்து மத்தியானம் நெல்லு குத்திக்கினு இருந்தேன், அப்ப வந்துச்சி. உலக்கையால கழுத்துல ஒண்ணு போட்டேன். அப்பறமா பொதைச்சிக்கலாம்னு போரு ஓரம் தள்ளி வெச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"நீ அவ்ளோ ஆசையா அடிச்சிக்கினு கீற. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

மறுபடியும் சிரிப்பு. கன்னியப்பன் காதில் அது விழவில்லை. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி, அப்போ அந்தப் பொண்ணு பாம்பு உன்னயில்ல தேடிக்கினு வரும்? இன்னிக்கி நீ பரண்மேல படு. நான் கீழ கழிய வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன்."

பவளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அத முந்தாநாளே அடிச்சி, பாலு ஊத்திப் பொதைச்சிட்டேன். தேடிக்கினு வந்ததுதான்யா இது!"