சிவக்காத சர்க்கரை

தான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் அவள் குழாயைச் சுடரில் காட்டினாள். கணவன் காலையில் கொண்டுவந்து கொடுத்த, மகனின் சிறுநீர். அதில் கலந்த நீல மருந்து சிவந்தால் சர்க்கரை நோய்.

கொதித்தது. நீலம் நீலமாகவே நின்றது.

"பையன் கல்லு மாதிரி இருக்கான்," என்றார் பக்கத்தில் நின்ற டாக்டர்.

அவளுக்கு உயிரே போனது. வெளியே ஓடிவந்து கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

"குளுக்கோஸ் கலக்கச் சொன்னேனே, என்னத்தப் போட்டீங்க?"

"அதைப் பையன் கரைச்சுக் குடிச்சே தீர்த்துட்டான். டீக்குப் போடுற சர்க்கரையக் கலந்தேன். ரெண்டும் இனிப்புதானே?"

"அது இந்த மருந்துக்குச் சிவக்காதுங்க. என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே."

உள்ளே டாக்டர் அடுத்த பையனைக் கூப்பிட்டார். இவர்கள் மகனின் தாளில் முத்திரை மை காய்ந்துகொண்டிருந்தது: 'போர்முனைக்கு அனுப்பத் தகுந்தவன்.'