மூன்றரை பஸ்

பஸ் வராது என்பது அந்த நிறுத்தத்தில் சத்தியதாசுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து காலை வண்டியில் கிளம்பி, வித்துராவில் மாறி, ஈட்டிமேடு எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. வெள்ளை ஷூவில் அப்பிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரர்.

சத்தியதாஸ் எதிரே, பூட்டிக் கிடந்த தேயிலை ஃபாக்டரியின் படியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு தவறாமல் இந்தக் காட்சியைப் பார்க்க வந்துவிடுவார்.

கல்லூரிப் பெண் ஒருத்தி அவரும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்து, போனைக் காட்டி ஆறுதல் சொன்னாள்.

"மூணரைக்கு பஸ் உண்டு அங்கிள். ஏஐ பறஞ்சு."

"அது சொன்னா சரியாத்தான் இருக்கும் மோளே," என்றார். அவ்வளவு இனிப்பாக அவர் யாரிடமும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்றரை பஸ் என்று ஒன்று கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. காலையில் ஏறி வரும் வண்டி உடனே திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்திக்குத்தான் அடுத்தது. நடுவில் ஒன்று உண்டு என்று எழுதி வைத்தவர் சத்தியதாஸ்.

ஆறு வருடமாக அந்த மலையைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் நடத்தி வந்தார். எந்த வண்டி எப்போது, யானை எங்கே இறங்கும், எந்த ஓடையில் குளிக்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். பஸ் நேரம் மாறினால் அன்றைக்கே மாற்றிவிடுவார். ஈட்டிமேடு என்று யார் தேடினாலும் முதலில் அவருடைய பக்கம்தான் வந்து நிற்கும். திறந்து படிப்பார்கள், கீழே சந்தேகம் கேட்பார்கள். மலையேறி வந்ததும் தாசண்ணன் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்து கைகொடுத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு ஆட்கள் குறைந்துபோனார்கள். மலைக்கு வரும் கூட்டம் கூடிக்கொண்டுதான் இருந்தது. அவருடைய பக்கத்துக்குத்தான் யாரும் வரவில்லை.

காரணம் ஒரு மழை நாளில் தெரிந்தது. காட்டுப்பாதையில் இறங்கப் போன ஒரு இளைஞனிடம் அட்டைக்கு என்ன தடவ வேண்டும் என்று சொல்லப் போனார். அவன் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, போனிடம் கேட்டான். போன் ஒரு பெண்குரலில் சொன்னது. உப்பு வேண்டாம், கடிவாயில் எரியும். மூக்குப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கணுக்காலில் தேய்த்துக்கொள்ளவும்.

அவர் எழுதிய வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை. அவர் பெயர் மட்டும் இல்லை.

இதை எழுதினது நான்தான் என்றார். இளைஞன் சிரித்தான். இதையெல்லாம் யாரும் எழுத வேண்டாம் அங்கிள், அதுவே சொல்லும் என்றான்.

அன்று சாயங்காலம் சத்தியதாஸ் தன் பக்கத்தைத் திறந்து, பஸ் நேரங்களுக்கு நடுவே மூன்றரையைச் சேர்த்தார்.

சில நாளிலேயே போன்கள் அதைச் சொல்லத் தொடங்கின. முதல் ஞாயிறு நின்றவர்கள் டிப்போவைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். தம்பானூரில் பிடிக்க வேண்டிய ரயிலை விட்டுவிட்டு அந்தி வண்டியில் தொங்கிக்கொண்டு போனார்கள். அன்று சத்தியதாசுக்குச் சோறு ருசித்தது.

இன்னொரு வாரம் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி கால்கடுத்து அழுதாள். கேளு, உன் போனையே கேளு என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இன்றும் நேரம் நெருங்கிவிட்டது. கைக்குழந்தை சிணுங்கத் தொடங்கியது. வெள்ளை ஷூக்காரர் எழுந்து நடுச்சாலைக்கு வந்து எட்டிப் பார்த்தார். இனிமேல்தான் முகங்கள் மாறும். சத்தியதாஸ் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வளைவில் ஹாரன் கேட்டது.

சிவப்பு வண்டி ஒன்று முக்கி முனகி ஏறி வந்து, திரும்பி நின்றது. யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. வர வேண்டியது வந்தது என்பதுபோல ஏறி உட்கார்ந்தார்கள். போன் காட்டிய பெண் ஜன்னல் வழியாக அவரையும் ஏறச் சொல்லிக் கையசைத்தாள்.

கண்டக்டர் பினு அவருக்குப் பழக்கமானவன். இது என்ன வண்டி என்று அவனிடம் போய்க் கேட்டார்.

"மூணரை வண்டி எவிடேன்னு டிப்போக்கு டெய்லி விளியோடு விளி, தாசண்ணே. பொறுக்க முடியாம இன்னைக்கு முதல் இட்டாச்சு. கேறுன்னில்லே?"

ஏறவில்லை என்று தலையாட்டினார். பினு மணியடித்தான்.

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். எஸ்டேட் லயத்து வீடுகளில் இருக்கும் ஜனங்கள் இதே வண்டியைக் கேட்டு எத்தனை தடவை டிப்போ வாசலில் போய் நின்றார்கள். மத்தியானம் மலையிறங்க ஆள் கிடையாது என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்கள்.

ஆள் இருந்தது. ஓர் ஆடி மழையில், ஜீப்புக்காரர்கள் வர மறுத்துவிட, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த பொன்செல்வியைக் கம்பளியில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, அவர் இதே நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது மணி மூன்றரை. அந்தி வண்டி வந்தபோது அவர் மனைவிக்கு அது தேவைப்படவில்லை.

இணையத்தில் அந்தப் பக்கத்தை அவர் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம்.

வண்டியின் சத்தம் கீழே அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு படியில் உட்கார்ந்து போனில் பக்கத்தைத் திறந்தார்.

மூன்றரையை அழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். பொன்செல்வி இருந்த காலத்திலேயே இழுத்துப் பூட்டிவிட்ட எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பற்றியது அது.

எல்லா நாளும் டாக்டர் உண்டு.