குறுக்கெழுத்துப் பாஷ்யகாரர்

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்வது வேதத்துக்குப் பாஷ்யம் எழுதுவதற்குச் சமம். அதற்குத் தகுதியுள்ளவர்கள் பம்பாய் ராஜதானியில் இரண்டே பேர், அதிலும் மற்றவர் போன வருஷம் காலமாகிவிட்டார் என்பது வானமாமலையின் அபிப்பிராயம்.

சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு அந்தப் பாஷ்யகாரர், மாட்டுங்கா தபால் பெட்டிக்குப் பத்தடி தள்ளி, ஒரு வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார்.

ஐந்தரைக்குக் கடைசித் தபால். அதில் போகாத குறுக்கெழுத்துக் கூப்பன் செல்லாது. ஒரு தப்பும் இல்லாத விடைக்குப் பத்தாயிரம் ரூபாய். யுத்தத்தையும் ரேஷன் கடையையும் மறந்து மாட்டுங்காவே ஒரு மாதமாக அகராதியும் கையுமாக அலைந்தது.

கடைசியில் எல்லாம் ஒரு நாலெழுத்துச் சொல்லில் வந்து நின்றது. 'மாத முடிவில் ஏழைக் குமாஸ்தாவை வாட்டுவது' என்று குறிப்பு. பின்னால் வரும் ஏ, ஆர், இ என்ற மூன்று எழுத்தையும் பத்திரிகைக்காரனே அச்சிட்டுவிட்டான். முதல் கட்டம்தான் காலி.

ரயில்வே ஹெட்கிளார்க் சந்திரமௌலிக்கு வானமாமலை 'சி' என்று சொல்லியிருந்தார். கேர். கவலையும் அதுதான், கவனமும் அதுதான், பராமரிப்பும் அதுதான், இன்னார் வீட்டில் இருக்கும் இன்னாருக்கு என்று கடிதத்தின் மேல் போடுகிறோமே, அதுவும் அதுதான் என்று அரை மணி நேரம் நிரூபித்தார்.

தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்கு 'எஃப்'. ஃபேர். ரயிலுக்குக் கொடுக்கும் காசும் ஃபேர், வாடகை வண்டியில் ஏறி உட்காருகிற ஆளும் ஃபேர், ஓட்டலில் இலையில் விழுவதும் ஃபேர், 'உன் பாடு எப்படிப் போகிறது' என்று கேட்கிறோமே, அந்தப் பாடும் ஃபேர். ஒரு வார்த்தைக்கு நாலு வாசல். குமாஸ்தா எந்த வாசலில் நுழைந்தாலும் மாதக் கடைசியில் தலை இடிக்கும் என்று இதையும் அரை மணி நேரம் நிரூபித்தார்.

இருவரிடமும் வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். மூன்றாம் மாடி விசாலாக்ஷி மாமிக்குக் கொடுத்தது இன்னோர் எழுத்து. நல்லவேளை, மாமி காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டாள்.

எந்த எழுத்து வந்தாலும் யாராவது ஒருவர் ஜெயிப்பார். ஜெயித்தவர் வானமாமலையின் பெயரைச் சொல்லுவார். தோற்றவர்கள் வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்று வருஷமாகப் பிசகாத ஏற்பாடு.

இன்றைக்கு, சந்திரமௌலியும் பை கொடுக்க வந்த கரீம் பாட்சாவும் ஒரே பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

வானமாமலையின் மகன் பி.ஏ. முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தான். அவனுடைய வேலை மனு சந்திரமௌலியின் மேஜை டிராயரில் இருந்தது. திங்கட்கிழமை அது துரையின் அறைக்குப் போக வேண்டும்.

பேசாமல் போட்டுவிட்டுப் போங்களேன் என்று வாழைத்தாரின் இடுக்கு வழியாக அவர் வேண்டிக்கொண்டார்.

சந்திரமௌலியின் கவர் யுத்த காலத்துக் கவர். எவ்வளவு எச்சில் வைத்தாலும் ஒட்டவில்லை. வாய் பிளந்து கூப்பன் தரையில் விழுந்தது. கரீம் பாட்சா மரியாதையாகக் குனிந்து எடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்தார்.

"சாமி, இதுல 'சி' போட்டிருக்கியளே? 'எஃப்'லா வரணும். எங்க ஜில்லாக்காரர் வானமாமலை சாமி படிச்சுப் படிச்சுச் சொன்னாவ."

"எந்த வானமாமலை?"

அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன், "க்யா மாங்தா சேட்? லேனா நை தோ ஹடோ!" என்று, வாங்காதவரை விலகச் சொல்லிக் கத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தான்.

நடுத்தெருவில், குனிந்த வாக்கில், வானமாமலை மட்டும் மிச்சம் இருந்தார்.

நிமிர்ந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். காற்று வாங்க வந்தவர் போல ஒரு முறை ஆகாயத்தைப் பார்த்தார். அது எடுபடவில்லை.

சந்திரமௌலி கிட்டே வந்தார். "ஏன் ஓய், எனக்கு ஒண்ணு, இவருக்கு ஒண்ணு. சரியானதைப் பத்திரமா உமக்குன்னு வெச்சுண்டாச்சாக்கும்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சந்திரமௌலி தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார், மனுவும் திங்கட்கிழமை நகர்ந்திருக்கும். வானமாமலைக்கே அது தெரிந்திருந்தது. வார்த்தை தொண்டைவரை வந்தது. இருபது வருஷத்துப் பாண்டித்தியம் அங்கே வழிமறித்து நின்றது.

அயோக்கியன் என்று பெயர் வாங்கலாம். அசடு என்று வாங்குவதா?

"ஆமாம் ஓய்," என்றார், தலையைக் கொஞ்சம் உயர்த்தி. "பத்தாயிரத்தை ஊருக்கெல்லாம் பங்கு போட நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?"

சந்திரமௌலி அமைதியாக, "உம்ம பையன் மனுவைத் திங்கட்கிழமை உம்ம ஆத்துக்கே கொடுத்தனுப்பிடறேன்" என்றார்.

தபால்காரன் சாவியோடு வந்து பெட்டியைத் திறந்தான்.

வானமாமலையின் கோட்டுப் பையிலிருந்து ஒரு நீளக் கவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப அந்த நெச எழுத்தையும் பாத்துட்டே போவம், சாமி" என்று கரீம் பாட்சா அதை உருவிவிட்டார். தடுக்கப் போன வானமாமலையின் கை காற்றில் நின்றது.

கவர் இன்னும் ஒட்டப்படவில்லை. சந்திரமௌலி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தபால்காரன்கூடக் கழுத்தை நீட்டினான்.

முதல் கட்டத்தில் எழுத்து எதுவும் இல்லை. எழுதி எழுதி ரப்பரால் அழித்ததில், அந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகியிருந்தது.