வெள்ளப் பணம் போன இடம்

“அந்த அக்கவுண்ட் என்னுது இல்ல மேடம்.”

மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுச் சின்னசாமி தரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி பட்டம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

கிராம நிர்வாக அலுவலர் ஷோபனா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். பாலாற்று வெள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் அழுகிப்போனதற்கு அரசு தந்த நிவாரணம், பத்தாயிரத்துச் சொச்சம், நாலு நாளைக்கு முன்பே போய்விட்டதாம். போனது சின்னசாமி எழுதிக்கொடுத்த கூட்டுறவு பேங்குக்கு இல்லை. ஆம்பூரில் வேறொரு பேங்குக்கு.

“ஆதாரைக் கடைசியா எந்த அக்கவுண்ட்ல சேத்தீங்களோ, பணம் அங்கதான் போவும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஆம்பூர்ல இவருக்கு இன்னா மேடம் இருக்குது?” என்றாள் பட்டம்மாள். “அங்க தோல் பதனிடுற ஷாப்புக் கழிவுத் தண்ணி நம்ம கெணத்துல எறங்கிச்சுன்னு ஊரையே கூட்டிக்கினு போய் அவங்க வாசல்ல குந்தின ஆளு. மறுபடி இந்த வாசல மிதிச்சா என் பேரை மாத்திக் கூப்புடுங்கன்னு சொன்னவரு. இப்பகூட ஆலங்காயத்துல கட்டட வேலைக்குத்தான் போறாரு. இன்னாய்யா, சொல்லேன்.”

சின்னசாமி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நாற்று விட்டிருப்பவர் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். அதற்குள் பணம் தராவிட்டால் நாற்று வேறு ஆளுக்கு. நவரைப் பட்டத்து நடவு தவறி நிலம் சும்மா கிடக்கும். இதையெல்லாம் சொன்ன பட்டம்மாள், எவனோ இவர் ஆதாரை வைத்து ஏமாற்றியிருக்கிறான், போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

கொடுக்கலாம், ஆனால் அந்தக் கணக்கை முடக்கிவிடுவார்கள், பணம் கைக்கு வர ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும் என்றாள் ஷோபனா.

“ஆவட்டும். ஒரு வெள்ளைத் தாள் குடுங்க மேடம்.”

தாள் வந்தது. பட்டம்மாள் பேனாவை எடுத்துக் கணவன் விரல்களுக்குள் வைத்தாள்.

அவர் எழுதவில்லை.

“என்னுதுதான்,” என்றார்.

வெள்ளம் வடிந்தபோது வீட்டில் அரிசியில்லை. ஆலங்காயத்துக் கட்டட வேலை நாலே நாளில் நின்றுபோனது. வேறு வழியில்லாமல் அதே தோல் ஷாப்புக்குத் தோல் உலர்த்தப் போனார். சம்பளம் போட அவர்களே கணக்குத் திறந்து ஆதாரையும் சேர்த்தார்கள். கூடப் போராடியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று வீட்டிலும் சொல்லவில்லை. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

ஷோபனா பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது, சம்பளம் எடுக்கும் கார்டிலேயே இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

வெளியே வந்ததும் பட்டம்மாள் நாற்றுக்காரருக்குப் போன் போட்டு, நாளைக்கே வந்து பறிக்கிறோம் என்றாள். சின்னசாமிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

“உங்கிட்ட பொய் சொல்ட்டேன். கோவமா?”

“ரெண்டு மாசமா உன் சட்டையத் தோய்க்கிறது யாருய்யா?” என்றாள் அவள். “சிமெண்டு வேலைக்குப் போற ஆளு சட்டையில தோல் வாடை அடிக்குமா?”