உறைந்த எண்ணெய்

“பால்கனியில இருக்கிற ஆலிவ் எண்ணெயை எடுத்துட்டு வாங்க” என்றாள் மனைவி.

ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றது.

“எதுக்கு?”

கேட்டிருக்க வேண்டாம். தக்காளியை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வேறு எதற்கு?

அந்த வீட்டில் அந்த எண்ணெய்க்கு இருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கியது. வந்த வேகத்தில் நாக்கைப் பிடித்துக்கொண்டது. வெயில் காலம் முழுக்கத் தக்காளியின் மேல் பச்சையாக ஊற்றி, தட்டில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துத் தின்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் உருளைக்கிழங்கும் பூண்டும் அதில் வதங்கும். குளிர் வந்துவிட்டால் பூசணி சூப்பை இறக்கியபின் மேலே ஒரு சுற்று.

“இந்த வீட்டுக்குக் காலண்டரே வேண்டாம், தட்டைப் பார்த்தாலே போதும்” என்று அவனுடைய அக்கா கிண்டல் செய்வாள்.

இந்தக் குளிருக்குத்தான் சூப்பில் எண்ணெய் விழவில்லை.

நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரம், பாட்டில் மூடியைத் திறந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸில் புரண்டுவிட்டு வருகிற அவன் சட்டை அவளுக்குக் குமட்டவில்லை, இந்த எண்ணெய்தான் குமட்டியது. அன்றைக்கே அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பால்கனி அலமாரியில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நாடு கடத்தினான்.

அதன்பிறகு வறட்டு ரொட்டியும் வெந்த காயும்தான். அவன் முகம் சுளிக்கவே இல்லை.

சொல்லப்போனால், காலையில் பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது அவள் குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால்தான் அவனுக்குக் காபியே தொண்டையில் இறங்கும். “இங்க குடலே வெளிய வருது, உங்களுக்குச் சிரிப்பு” என்று திட்டுவாள். திட்டு வாங்கிக்கொண்டே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான்.

இன்று படியேறும்போது வீடு அமைதியாக இருந்தது.

பால்கனிக்குப் போய் பாட்டிலை எடுத்தான். குளிரில் எண்ணெய் வெள்ளையாக, மெழுகுபோல உறைந்து கிடந்தது.

“கட்டியாயிடுச்சு. இன்னொரு நாள் பார்த்துக்கலாமே.”

“வெந்நீர்ல வைங்க.”

வைத்தான். அடியில் மெல்லப் பொன்னிறம் தெரிந்தது. ஓரங்கள் உருகின. அவள் பாட்டிலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ‘ஆசையைப் பார்’ என்று நினைத்தான்.

முழுவதும் உருகியபின் மூடியைத் திறந்து, வேண்டுமென்றே அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். வெட்டிய புல்லைப் போன்ற அந்த வாசனை சமையலறை முழுக்க எழுந்தது.

குமட்டட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். ஒரே ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு ஓடு, தாயே.

அவள் ஓடவில்லை. பாட்டிலை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

பெண்டாட்டி வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதைப் பார்த்து எந்தப் புருஷனாவது பயப்படுவானா? இவன் பயந்தான்.

போன வருஷமும் இப்படித்தான் நடந்தது. குளிர் விலகி, சந்தைக்கு நல்ல தக்காளி வரத் தொடங்கிய நேரம். அதுவரை எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் காலையில் எண்ணெய் கேட்டாள். அவன் பூரித்துப்போய்த் தாராளமாக ஊற்றினான். மசக்கை விட்டுவிட்டது என்று வேலையிடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். அடுத்த பரிசோதனையில், குழந்தையின் துடிப்பு நின்று நாளாகிவிட்டது என்றார்கள்.

மூன்று மாதம் முடியும்போது குமட்டல் தானாகவே விடும், பயப்பட ஒன்றுமில்லை என்று இந்தத் தடவை டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்று மாதம் முடியத்தான் போகிறது. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தக் காலைச் சாப்பாட்டைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. அவளுக்கு அது நினைவில் இருக்காது, இருக்கவும் கூடாது என்று நினைத்திருந்தான். பயத்தை அவள்மேல் ஏற்றி வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் சிரித்த முகத்தை வரவழைத்துக்கொண்டான்.

“நல்லா இருக்கா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

அவள் கடைசி ரொட்டித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

“நீங்க பால் வாங்கக் கீழ போனதும், தினமும் பால்கனிக்குப் போய் அந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பேன்” என்றாள். “தினமும் குமட்டிக்கிட்டு வரும். அப்பாடான்னு இருக்கும்.”

அவன் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான்.

“இன்னிக்கு வரல. உறைஞ்சு கிடக்கிறதால வாசனை தெரியலையோ, உருக்கினா வரும்னு பார்த்தேன். வரல. சாப்பிட்டாலாவது வரும்னு பார்த்தேன்.”

அவன் அடுப்பை அணைத்தான்.

ஆஸ்பத்திரி திறக்க இன்னும் நேரம் இருந்தது. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.