அடுக்களை காணலுக்கு வந்த பீரோ

பீரோ சாவியைச் சம்பந்தியம்மாள் தாசம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, சற்குணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மடித்துக் கட்டி நிற்கக் கூடாது என்று மனைவி ராஜபாய் கண்ணைக் காட்டினாள். அவர் இறக்கிவிடவில்லை.

பாப்பனங்கோட்டு வீட்டு ஹால் நிறைய மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள். இன்றைக்கு அடுக்களை காணல். கல்யாணம் முடிந்த மறுவாரம், பெண் வீட்டார் பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாவற்றோடும் பெண் போன வீட்டின் அடுக்களையைப் பார்க்க வருகிற சடங்கு. பீரோவை மாமியார்தான் முதலில் திறக்க வேண்டும். எல்லோர் கண் முன்னாலும் திறக்க வேண்டும். இறக்கிவைத்த சாமானைத் திருப்பி அனுப்பினால், அனுப்புகிறவர்களுக்குத்தான் மானக்கேடு.

அந்தக் கடைசி வழக்கத்தைத்தான் சற்குணம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத் தேதி, சர்ச், மண்டபம், பந்தி என்று தாசம்மாள் சொன்ன அத்தனைக்கும் தலையாட்டிய மனுஷன். ஆனால் மகள் ஜிஷா வளர்த்த, உள்ளங்கையில் அடங்குகிற ஹாம்ஸ்டரை அந்த அம்மாள் எலி என்றாள். எலியும் எலிக்கூடும் என் வாசல் ஏறக் கூடாது என்றாள்.

கல்யாணமாகிப் போன மறுநாள் ஜிஷா போன் செய்தாள். அப்பாவை விசாரிக்கவில்லை, அம்மாவை விசாரிக்கவில்லை. அது சாப்பிட்டதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

சற்குணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அதற்கும் தடையா?

சாலைக் கடைத்தெருவில் கூடு தேடி அலைந்தார். லவ் பேர்ட்ஸ் கூட்டில் கம்பிக்கு நடுவே தலை நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வளர்ப்பு மீன் விற்கிற கடையில் தொங்கிய பிளாஸ்டிக் கூடு பார்க்க அழகுதான், ஆனால் டிபன் கேரியர் அளவுகூட இல்லை. இருட்டினால் ஓடத் தொடங்குகிற பிராணியை அதில் அடைத்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினால், தாசம்மாள் கேட்டதற்காக வாங்கிவைத்த பீரோ எதிரே நிற்கிறது. சின்னது வேண்டாம், பெரிசாக வேண்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். பெரிசுதான்.

கீழ்த் தட்டைக் கழற்றினார். இரண்டு பக்கத் தகட்டையும் வெட்டி, சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலையை அடித்தார். வெட்டிய ஓரம் கீறிவிடாமல் ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டினார். கம்பித் தரையில் நடந்தால் பாதம் புண்ணாகும், அதனால் பலகை. பலகைமேல் கை புதைகிற அளவுக்கு அறக்கப்பொடி என்கிற மரத்தூள். சக்கரத்தில் இடைவெளி இருந்தால் கால் மாட்டும் என்று, ஒரு கேக் டின்னின் மூடியையே சக்கரமாக்கினார். ஒளிந்து தூங்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. முன்பக்கம் தனியாக ஒரு வலைக்கதவு.

புது பீரோவை நாசமாக்குகிறாரே என்று ராஜபாய் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே ஒரு பழைய காட்டன் சேலையை எடுத்துவந்து, வெட்டு தெரியாதபடி பீரோவைப் போர்த்திக் கொடுத்தாள்.

டெம்போவில் அதைப் படுக்கவைக்க அவர் விடவில்லை. கரமனையில் இருக்கிற தன் வீட்டிலிருந்து பீரோவைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார்.

தாசம்மாள் சேலையை விலக்கினாள். சாவியைத் திருப்பினாள். மேல் தட்டில் ஜிஷாவின் பட்டுகள் இருந்தன. கீழே குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இது என்ன அண்ணே, பீரோக்குள்ள அறக்கப்பொடி?"

நீங்கள் கேட்டது வந்திருக்கிறது, என் மகள் கேட்டதும் கூடவே வந்திருக்கிறது, வேண்டாமென்றால் இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த அந்தப் பதிலுக்கு அவர் வாயெடுப்பதற்குள், மாப்பிள்ளை அஜீஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

அம்மா வாயைத் திறந்தால் தன் வாயை மூடிக்கொள்கிற பிள்ளை. தரகரை விரட்டி விரட்டி நானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை என்று சபை முழுக்கச் சொல்லித் திரிந்துவிட்டதால், அவனைப் பற்றி வெளியே குறைபட்டுக்கொள்ளவும் சற்குணத்துக்கு வழியில்லை. அம்மாவுக்கு ஒத்து ஊதத்தான் வருகிறான் என்று நினைத்தார்.

அஜீஷ் குத்தவைத்து உட்கார்ந்து வலைக்கதவைத் திறந்தான். நாக்கைச் சொடுக்கினான்.

பட்டப்பகலில், அத்தனை பேர் சத்தத்துக்கு நடுவில், சிரட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து வந்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. நேராக அவன் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, கன்னத்தில் அடக்கிவைத்திருந்த விதையை வெளியே எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தது.

சற்குணம் கை நீட்டினால் இன்றைக்கும் அது கடிக்கும்.

"இவன் இங்கதான் கெடப்பான், அம்மா," என்றான் அஜீஷ். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் இறக்கவில்லை.

தாசம்மாள் மகனைப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் எலியைப் பார்த்தார்கள். சற்குணம் மகளைப் பார்த்தார். ஜிஷா அடுக்களை வாசலில், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பதறினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தரகர் இந்த வரனைக் கொண்டுவருவதற்கு வெகுநாள் முன்பிருந்தே, சனிக்கிழமையானால் போதும், நகம் வெட்ட மிருக டாக்டரிடம் போகிறேன் என்று இதை ஒரு டப்பாவில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மழை நாளில் சற்குணமே பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கொண்டு போய் ஏற்றிவிட்டிருக்கிறார்.

வாராவாரம் வெட்டுகிற அளவுக்கு எந்த ஹாம்ஸ்டருக்கும் நகம் வளராது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.