மூன்றாவது சுற்று

"அது சாமி இல்ல வேதா. வெறும் தூணு."

"உச்சியில றெக்கையோட நிக்கிறது யாராம்?"

"யாரோ. கொள்ளைநோய் விட்டுப் போனதுக்கு ஊர்க்காரங்க நட்டதுன்னு பலகையில போட்டிருக்கு," என்றார் இளமாறன்.

"அப்பக் கேட்டதைக் குடுத்திருக்குல்ல?"

மகனுக்கு இதய அறுவைசிகிச்சை முடிய ஐந்து மணி நேரம் ஆகும், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று அந்த அந்நிய நகரத்து நர்ஸ் இருவரையும் அனுப்பிவைத்திருந்தாள். பாலத்துச் சிலை, வாசல் நிலைக்கு மேலிருந்த கல் குழந்தை என்று வழியில் எதைக் கண்டாலும் வேதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே கூட நடந்தார்.

இப்போது அவள் ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பனியில் நனைந்த கல்தரையில் தூணை வலமாகச் சுற்றத் தொடங்கினாள். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் அவள் தூணுக்குப் பின்னால் மறைந்தபோது, அவருடைய கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண். அவர்கள் வெளியே வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுபக்கம் வந்தவள் அவர் கையில் அதிர்ந்துகொண்டிருந்த போனையும் அவர் முகத்தையும் பார்த்தாள். நிற்கவில்லை. குளிரில் சிவந்த கால்களோடு நடந்தபடியே கையை மட்டும் நீட்டினாள்.

"இந்தச் சுத்து முடியட்டுங்க. நீங்களும் ஷூவைக் கழட்டிட்டுக் கூட வாங்களேன்."